ஏற்றத்தில் யாரும் பேசக் கூடாது

பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் உள்ளே வரும் வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பார்ப்பதில்லை. கண்ணில் பக்கப் பார்வை போய் நாளாகிறது. நேரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பதெல்லாம் கறுப்பு. ஆனால் ஒரு வண்டி சாலையிலிருந்து திரும்பி, கியர் இறக்கி, பெட்ரோல் பங்க்கின் வாசல் மேட்டில் ஏறுவதற்குள் அதன் வயது, உடல்நிலை, ஓட்டுகிறவரின் குணம் எல்லாம் அவருக்குக் கிடைத்துவிடும். "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறான்" என்று முணுமுணுக்கிறார். "வீட்லயும் இப்படித்தான் இருப்பான். எதையும் முழுசா விட மாட்டான்."

வண்டி இல்லாமல் பெட்ரோல் பங்க்குக்கு வருகிறவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை காலையில் முகம் மழித்து, முழுக்கைச் சட்டை போட்டு, ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து நடந்தே வருவார். வந்து நிற்பார். பெட்ரோல் ஊற்றும் அம்மாள் தன் நாற்காலியைக் காட்டுவாள், உட்கார மாட்டார். நடுநடுவே வரிசையில் நிற்பவர்களிடம் போய்ப் பேசுவார்.

புது மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞர் உயர்ரகப் பெட்ரோல் பம்ப்பின் முன் நிற்கிறார் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"தம்பி, இதுக்கு எதுக்கு ஒசத்தி?"

"பிக்கப் நல்லாருக்கும்னு சொன்னாங்க சார்."

"யாரு சொன்னா?"

"ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டு அவர் வண்டிக்குப் போட்டுக்கட்டும். உங்க வண்டி கேக்கலியே. கேக்காத வண்டிக்கு ஊத்துறது வீண். அந்தப் பக்கம் போங்க, சாதா போதும்."

பம்ப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் பலத்தின் எண் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய பெரிய வருத்தம். அது பொறுமையின் எண் என்பார். பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, பிளக்கில் பொறி வரும்வரை பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும் என்பதன் கணக்கு. "தொண்ணூத்தஞ்சு இருக்கே, அது பொறுமைசாலி. நெருக்கினாலும் சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்காது. தொண்ணூத்தொண்ணு அவசரக்குடுக்கை. ஆனா நெருக்கடியே இல்லாத வீட்ல பொறுமைசாலிக்கு என்ன வேலை?" இதைச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டுவார், நடுவில் ஏதோ ஒன்று நசுங்குவதைப்போல.

பங்க் முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "சனிக்கிழமை ஒரு நாள் இவருக்குக் காய்ச்சல் வந்தா நான் நாலு லிட்டர் ஒசத்தி கூட விப்பேன்" என்பார். சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவரச் சொல்வார்.

சனிக்கிழமை வந்து நிற்கும் இவருக்குத் தொழில் பல்செட் கட்டுவது. தெருவில் அதுவே பெயர்: பல்செட்டுக்காரர். வீட்டின் முன்னறையில் நீளமான மேசை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், அலமாரி நிறையச் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள். சின்னக் குழந்தைகள் அந்த ஜன்னலைக் கடக்கும்போது ஓடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு ஏற்பப் பல் கட்டிக் கொடுப்பதுதான் வேலை என்றாலும், பொருந்தாத செட்டை வாயில் வைத்துக்கொண்டு சிலர் நேராக இவரிடமே வந்துவிடுவார்கள். சிவப்புத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வார். எங்கே முதலில் தட்டுகிறதோ அங்கே சிவப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ராவுவார். மறுபடி கடிக்கச் சொல்வார். தட்டும் சத்தம் மறையும்வரை இதுவே நடக்கும். கண் மங்கிய பிறகும் இந்த வேலையை விடவில்லை. நேரே வைத்துப் பார்க்கிற வேலைதானே. "பல்லானாலும் என்ஜினானாலும் தட்டக் கூடாது" என்பார். "தட்டுனா தேயும்."

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். நான் குடிவந்தபோது வாசலில் அந்தக் கார் நின்றது. வெளிறிய பச்சை, நான்கு கதவு, முன்பக்கம் இரண்டு உருண்டை விளக்குகள். மகள் பிறந்த வருடம் வாங்கியது, அதுவும் இரண்டாங்கையாக. அவர் மனைவி சொல்வார்: "மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டிக் கொடுத்தாரு. வந்து பாத்தா கொஞ்ச நாள்ல வாசல்ல இது வந்து நிக்குது. மாமியாருக்காவது ராத்திரி மழை பெஞ்சா எழுந்து போத்தி விட வேணாம்."

மகளுக்கு ஏழு வயதில் மலைக்குப் போயிருக்கிறார்கள். பாதி வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி பறந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். உச்சி தெரிகிற தூரத்தில் இருக்கிறது, மகள் பின்சீட்டில் எழுந்து நின்றுகொண்டு எப்போது எப்போது என்கிறாள். ஒரு வளைவுதான் பாக்கி என்று நினைத்து ஓட்டிவிட்டார். அப்படி இன்னும் பல வளைவுகள் இருந்தன. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது என்ஜினின் தலைப்பகுதி சூட்டில் வளைந்துவிட்டது. மூவரும் ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு இறங்கினார்கள். அன்றைக்கு மேலே பார்த்த மேகத்தைப் பற்றி மகள் இன்னும் தொலைபேசியில் பேசுகிறாளாம். வளைந்த தலையை லேத்தில் கொடுத்துச் சீவிச் சமமாக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி அதே கதை. மறுபடி சீவினார்கள். "சார், மூணாவது தடவை இதைத் தூக்கிக்கிட்டு வந்துடாதீங்க. சீவுறதுக்கு இனிமே இதுல ஒண்ணும் இல்ல" என்று லேத்காரர் கும்பிட்டாராம்.

தலையைச் சீவச் சீவ உள்ளே இடம் சுருங்கும். இடம் சுருங்கினால் அழுத்தம் கூடும். அதுவரை சாதாப் பெட்ரோலில் சமர்த்தாக ஓடிய வண்டி, ஏற்றத்தில் தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினாற்போல் தட்ட ஆரம்பித்தது. அப்போது பங்க்குகளில் ஒரே ரகம்தான். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் வாசனை வந்தால் மகளுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம்; வெகு நாள்வரை விடுமுறைக்கு என்று ஒரு வாசனை இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாளாம். இருக்கிற ஒரே ரகத்திலும் நல்லதைத் தேடி அவர் ஊரைச் சுற்றினார். வாடகைக் கார்கள் நிறைய நிற்கும் பங்க்தான் நல்லது, சரக்கு தேங்காது. டேங்கர் வந்து இறக்கிக்கொண்டிருந்தால் ஊற்றக் கூடாது, அடிவண்டல் கலங்கியிருக்கும். பெருமழைக்கு மறுநாள் கூடாது. எங்கே ஊற்றினாலும் ஒரு சின்ன மருந்து பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுவார். கறையில்லாமல் காய வேண்டும். மிச்சத்தைப் பின்கட்டு ஜன்னலில் நிறுத்தி வைப்பார். தண்ணீர் கலந்திருந்தால் மறுநாள் பாட்டிலின் அடியில் ஒரு கோடு தெரியும். அடுப்பு பக்கத்தில் இருக்கிறதே என்று மனைவி ஒருநாள் அத்தனை பாட்டிலையும் தூக்கித் தோட்டத்து மூலையில் வைத்ததில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சுவார்த்தை இல்லாத இடம் அந்த வீட்டில் இன்னொன்று உண்டு. ஏற்றம். பாலமோ மேடோ வந்தால் அவர் வலது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இடது உள்ளங்கையைத் தூக்குவார். உடனே காருக்குள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தட்டும் சத்தத்தின் முதல் துணுக்கு காதில் விழுந்ததும் அவர் காலைத் தளர்த்தியாக வேண்டும். பேச்சு நடந்தால் எப்படிக் கேட்கும்? உறவினர்கள் வந்தாலும் இதே சட்டம்தான். ஒரு மாமா பாதி நகைச்சுவையில் நிறுத்தி, பாலம் இறங்கிய பிறகு மீதியைச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

மகள் கெட்டிக்காரி. பதில் சொல்ல அவரால் முடியாத ஒரே இடம் அதுதான் என்று கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சையில் தோற்றது, மூக்குத்தி குத்திக்கொண்டது, எல்லாம் ஏற்றத்தில்தான் சொல்லப்பட்டன. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் ஒரு சாயங்காலம், உள்ளங்கை தூக்கியிருக்கும்போதே, பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "அப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்." பாலம் நீளமானது. அவர் காலைத் தளர்த்தி, கேட்டு, மறுபடி மிதித்து, உச்சிக்கு வந்து மூச்சு விட்டபோது கோபப்படுவதற்கான நேரம் கடந்துபோயிருந்தது. "பையன் என்ன வண்டி வச்சிருக்கான்?" என்றார்.

"சைக்கிள்."

"தொந்தரவு இல்ல" என்றாராம்.

உயர்ரகப் பெட்ரோல் இந்தப் பங்க்குக்கு முதன்முதலாக வந்த அன்று, புகைப்படம் எடுக்கப் போவதுபோல் குடும்பத்தையே கிளப்பிக் கூட்டிவந்தார். "புதுத்துணி கட்டிக்கிட்டுப் பெட்ரோல் போடப் போன குடும்பம் நாங்கதான்" என்று மனைவி இப்போதும் சிரிப்பார். ஊற்றிக்கொண்டு நேராகப் பாலத்துக்குப் போனார்கள். தட்டவில்லை. இறங்கித் திரும்பி வந்து இன்னொரு முறை ஏறினார்கள். தட்டவில்லை. அன்று உள்ளங்கை தூக்கியேதான் இருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பார் மனைவி. அதற்குப் பிறகு அந்த வண்டிக்குள் வேறு ரகம் போனதில்லை.

கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்றதும் விற்க வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பலரைக் கேள்வி கேட்டே விரட்டினார். கடைசியில் ஒரு மாட்டு டாக்டருக்குக் கொடுத்தார். இளம்பெண். கிராமத்துப் பண்ணைகளுக்குப் போய்வர, பள்ளத்துக்கு அஞ்சாத வண்டி வேண்டும் என்று வந்தாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: உயர்ரகம்தான் ஊற்ற வேண்டும், இந்தப் பங்க்கில்தான். தலையைச் சீவிய கதையையும் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் வந்து ஊற்றிக்கொள்வாள். அவர் நின்று பார்ப்பார். மூடியைத் திறந்து கொடுப்பார். "சரிம்மா, போய்ட்டு வா" என்பார். அவ்வளவுதான்.

போன மழைக்காலத்துக்கு முன்பு சீவிய தலை விரிசல் விட்டது. டாக்டரின் மெக்கானிக், அதே ரகத்துக் கார் ஒன்று பழைய இரும்புக் கடையில் உடைபடுவதைக் கண்டு, அதன் தலையைக் கழற்றி வந்து மாட்டினார். சீவாத தலை. அன்றிலிருந்து வண்டிக்குச் சாதாவே போதும். இதை டாக்டர் பல்செட்டுக்காரரின் மனைவியிடம்தான் முதலில் சொன்னாள். மனைவி என்ன சொன்னார் என்பதை மாடிப்படியில் என்னிடம் சொன்னார்.

"அவர்கிட்ட சொல்லாதம்மான்னுட்டேன். சனிக்கிழமை மட்டும் வந்து கொஞ்சம் ஒசத்தி போட்டுக்கோ, மத்த நாள் உன் இஷ்டம்னேன். வண்டிதான் போயிடுச்சு. அதுக்கு என்ன ஊத்தணும்னு தெரிஞ்ச ஆளு நான்னு ஒண்ணுதான் இவருக்கு மிச்சம். அதுவும் இல்லன்னா மனுஷன் சனிக்கிழமை எதுக்கு ஷேவ் பண்ணுவாரு?"

டாக்டரும் அப்படியே செய்துகொண்டிருந்தாள். பெரிய டாங்க் இல்லை, வார நடுவிலும் ஊற்ற வேண்டியிருக்கும். இரண்டு ரகமும் கலந்தாலும் வண்டிக்குக் கெடுதல் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். "வருது" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் பச்சைக் கார் திரும்பியது. வழக்கமாக வருவதைவிட வேகம். டாக்டர் கையில் போனை வைத்துக்கொண்டே நிறுத்தினாள். நிறுத்திய இடம் சாதா பம்ப். அவசரத்தில் மற்ற நாட்களின் பழக்கம் வந்துவிட்டது. "சீக்கிரம் போடுங்கக்கா" என்று ஊற்றும் அம்மாளிடம் சொன்னாள். அம்மாள் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தயங்கித்தான் குழாயை எடுத்தாள்.

அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. டாங்க்கின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"என்னம்மா இது?"

டாக்டர் போனை இறக்கினாள். முகத்தில் எல்லாம் தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாதவள்.

"ஹெட் மாத்தியாச்சு அங்கிள். பழசு விட்டுடுச்சு. இது சீவாதது."

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி."

"இருந்தாலும் தட்டும்."

"தட்டல அங்கிள்."

"உனக்குக் கேக்காது."

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் மாடு கன்று போட முடியாமல் கிடந்தது.

"டாங்க்ல இப்ப இருக்கறதும் சாதாதான். ஏறுங்க, போற வழியில பாலம் ஏறிப் பாத்துடலாம். அந்தப் பக்கம் இறக்கி விடறேன்."

அவர் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். விற்ற பிறகு ஏறுவது அதுதான் முதல் தடவை. இடது பக்கத்தில் உட்காருவதும் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கால்கள் கீழே எதையோ தேடின. ஊற்றும் அம்மாள் டாங்க்கை மூடிவிட்டு வந்து கதவைச் சாத்திவிட்டாள். நான் பின்னால் மருந்துப் பெட்டிக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டேன். வண்டிக்குள் மாட்டு வாசனைதான் அடித்தது.

"டாப்லயே போம்மா. கியர் இறக்காத. நல்லா மிதி" என்றார். தட்டுவதாக இருந்தால் அப்போதுதான் தட்டும்.

பாலம் தொடங்கியது. அவருடைய இடது உள்ளங்கை தானாக உயர்ந்தது.

டாக்டரின் போன் அடித்தது. அவளுக்கு அந்த உள்ளங்கையின் சட்டம் தெரியாது. ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு ஆள் மூச்சு வாங்கப் பேசினார். "காலு மட்டும் தெரியுதுங்க டாக்டரம்மா. தலை வரல."

"குளம்போட அடிப்பக்கம் எப்படி இருக்கு? மேல பாக்குதா, கீழ பாக்குதா?"

"கீழங்க."

"அப்ப முன்னங்கால்தான். யாரும் இழுக்காதீங்க. இழுத்தா தலை மடங்கிடும். வெந்நீர் போட்டு வைங்க, பாலத்துல இருக்கேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டு, மாட்டுக்கும் வெந்நீருக்கும் அடியில், அந்தச் சத்தத்தைத் தேடினார். நானும் தேடினேன். வண்டி திணறியது; பாரம் தூக்குகிறவர் முக்குவதுபோல் ஒரு முனகல் இருந்தது; அவ்வளவுதான். கோலிக்குண்டு எதுவும் உருளவில்லை. உச்சி வந்தது. கீழே ரயில் தண்டவாளங்கள் வெயிலில் பளிச்சிட்டன. வண்டி தானாக வேகம் பிடித்து இறங்க ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு முழங்காலின் மேல் இறங்கியது.

"தட்டல" என்றார்.

அவள் பாலம் முடியுமிடத்தில் ஓரமாக நிறுத்தினாள்.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமை ஒசத்தி போட்டது?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டிதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் முன்கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிவது அந்த நேர்ப்பக்கம் மட்டும்தான். பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "சாதாவே போடும்மா. கேக்காத வண்டிக்கு எதுக்கு?"

"நீங்க சனிக்கிழமை இருப்பீங்கல்ல அங்கிள்?"

"மாடு காத்துக்கிட்டிருக்கு. கிளம்பு."

நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். அந்தக் கதவின் கீல் நெடுங்காலமாகத் தொங்கிப்போனது. லேசாகத் தூக்கி ஓங்கி அறைந்தால்தான் பூட்டு விழும். அந்த வீட்டில் எல்லோருக்கும் கைப்பழக்கம். அவர் தூக்கினார், அறைந்தார். டாக்டர் கீலையும் மாற்றியிருந்தாள். கதவு துப்பாக்கி வெடித்ததுபோல் மோதியது. உள்ளே மருந்துப் பெட்டி குலுங்கியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அவர் கதவை மறுபடி திறந்தார். கைப்பிடியை விடாமல் நிதானமாகக் கொண்டுவந்து, கடைசியில் இரண்டு விரலால் தள்ளி, சத்தம் வராமல் சாத்தினார்.